நீர்மேல் நிற்கும் நகரம்

ஆற்றங்கரைகளில் நகரங்கள் தோன்றி வளர்தல் உலகெங்கும் காணப்படும் இயல்பாகும். வைகைக் கரையில் மதுரையும், காவிரிக் கரையில் திருச்சிராப்பள்ளியும், தேம்சு ஆற்றின் கரையில் இலண்டனும், டைபர் ஆற்றின் கரையில் உரோமும் அவ்வாறு தோன்றியவையே. ஆயின், கரையைத் துணையாகக் கொள்ளாது, நீர்ப்பரப்பின் நடுவே நின்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் புகழுடன் விளங்கும் நகரம் ஒன்று உண்டு. இத்தாலி நாட்டின் வடகிழக்கே, ஏட்ரியாட்டிக் கடலின் ஓரத்தில் அமைந்துள்ள வெனிஸ் நகரமே அது.

மதுரையின் கிழக்கே, வண்டியூர்த் தெப்பக்குளத்தின் அருகே வாழும் ஒரு குடும்பத்தினர் கோடை விடுமுறையில் இந்நகரைக் காணச் சென்றனர். தந்தை, தாய், ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள், அவளினும் நான்கு ஆண்டு இளையவனாகிய மகன், தந்தையின் அன்னை ஆகிய ஐவரும் அக்குழுவில் இருந்தனர். தந்தையின் தம்பி வெனிசுக்கு அணித்தேயுள்ள பாதுவா நகரில் பணிபுரிபவர். அவர் விடுத்த அழைப்பே இப்பயணத்திற்குக் காரணமாயிற்று. "என் காலத்தில் இராமேசுவரம் போய்வந்ததே பெரும்பயணம். இந்த வயதில் கடல் கடக்க வேண்டுமா?" என்று அப்பத்தா முதலில் தயங்கினார். பேரப்பிள்ளைகள் விடவில்லை.

பாதுவாவிலிருந்து புறப்பட்ட புகைவண்டி அரைமணி நேரத்தில் நிலத்தின் எல்லையை அடைந்து, கடல்நீரின் மேல் நீண்டு கிடக்கும் பாலத்தில் ஏறியது. 1846ஆம் ஆண்டில் இப்பாலம் திறக்கப்படும் வரையில் வெனிசுக்குப் படகில் அன்றிச் செல்ல வழியில்லை. இருமருங்கும் நீர், தொலைவில் கோபுரங்கள். பாம்பன் பாலத்தை நினைத்துக்கொண்ட அப்பத்தா கைகூப்பினார். வண்டி நின்றது. நிலையத்தின் வாயிலுக்கு வந்த சிறுவன் திகைத்து நின்றான். படிக்கட்டின் கீழே சாலை இல்லை, கால்வாய் இருந்தது.

"சித்தப்பா, பேருந்து எங்கே நிற்கும்?" என்று அவன் வினவினான்.

"அதோ வருகிறதே, அதுதான் பேருந்து" என்று கூறிச் சித்தப்பா ஒரு படகைச் சுட்டிக் காட்டினார்.

வெனிஸ் நகருக்குள் மகிழுந்து இல்லை, மிதிவண்டியும் இல்லை. மக்களை ஏற்றிச் செல்வது படகு; காய்கறி கொணர்வது படகு; நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும், தீயணைப்போர் விரைவதும், குப்பையை அகற்றுவதும் படகே. படகில் ஏற விரும்பாதவர் நடந்தே செல்லவேண்டும். அதற்காக நகரில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் அமைந்துள்ளன. எஞ்சின் ஒலியும் ஊதுகுழல் ஒலியும் இல்லாத தெருக்களில் மனிதர் நடக்கும் காலடி ஓசையைக் கேட்கலாம்.

நீர் நடுவே நகரம் அமைக்க மக்கள் துணிந்தது ஏன்? உரோமப் பேரரசு தளர்ந்த காலத்தில் வடக்கிலிருந்து படையெடுத்தோர் இத்தாலியின் ஊர்களைச் சூறையாடினர். அஞ்சிய மக்கள் கடலோரக் காயலில் இருந்த சேற்றுத் தீவுகளில் அடைக்கலம் புகுந்தனர். ஆழம் அறியாத பகைவர் படை காயலுக்குள் நுழைய இயலவில்லை. புகலிடமாகத் தொடங்கிய குடியிருப்பு ஊராயிற்று, ஊர் நகராயிற்று, நகர் தனி நாடாகவே ஆயிற்று. 118 சிறு தீவுகளை ஒன்றிணைத்தது வெனிஸ். தோஜே என்னும் தலைவரைத் தேர்ந்தெடுத்துத் தன்னைத் தானே ஆண்டுவந்த அக்குடியரசு, 1797ஆம் ஆண்டில் நெப்போலியனிடம் வீழும் வரை நீடித்தது.

சேற்று நிலம் மாளிகையின் பளுவைத் தாங்குவது எவ்வாறு? வெனிஸ் மக்கள் ஆயிரக்கணக்கான மரக்கம்பங்களைச் சேற்றினுள் நெருக்கமாக அடித்து இறக்கினர். அவற்றின் மேல் பலகை பரப்பி, உப்புநீரை எதிர்க்கவல்ல கல்லை அடுக்கி, அதன்மேல் சுவரெழுப்பினர். நீரில் கிடக்கும் மரம் மட்கிவிடாதோ என்று நாம் ஐயுறலாம். மரத்தை அழிப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுட் பெரும்பாலானவை செழிக்கக் காற்று வேண்டும். சேற்றினுள் காற்றுப் புகாமையால் மரம் விரைவில் மட்கிவிடாது பல நூற்றாண்டுகள் நிற்கிறது. இக்கம்பங்களைப் பற்றிச் சித்தப்பா கூறக்கேட்ட மகள், "நம் காலடியில் ஒரு காடே தலைகீழாகப் புதைந்து கிடக்கிறது" என்றாள்.

படகு பெருங்கால்வாயில் சென்றது. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுடைய இக்கால்வாய் நகரின் நடுவே வளைந்து வளைந்து ஓடுகின்றது. இருகரையிலும் மாளிகைகளின் வாயிற்படிகள் நேரே நீரில் இறங்குகின்றன. கறுப்பு வண்ணம் பூசிய கொண்டோலாப் படகுகள் இடையிடையே மிதந்தன. ஏறத்தாழ 11 மீட்டர் நீளமுள்ள அப்படகை ஒருவரே பின்புறம் நின்று ஒற்றைத் துடுப்பால் செலுத்துகிறார். ஒருபுறம் மட்டும் துடுப்பு வலித்தால் படகு வட்டமிடும் அன்றோ? அதனைத் தடுக்கவே படகின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடச் சற்று அகலமாக, சமமின்றிக் கட்டப்படுகிறது. எட்டு வகை மரங்களால் இதனைச் செய்யும் கைத்திறன் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வருகிறது.

1591ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட ரியால்ட்டோப் பாலத்தருகே அவர்கள் இறங்கினர். ஒரே வளைவாகக் கால்வாயைத் தாண்டும் அக்கற்பாலத்தின் மேல் இருவரிசையாகக் கடைகள் உள்ளன. ஒரு காலத்தில் கீழைநாட்டு மிளகும் பட்டும் இப்பகுதியில் விலைபேசப்பட்டன. இப்பாலத்திற்குச் சற்றுத் தொலைவில்தான் மார்க்கோ போலோவின் குடும்பத்தார் வாழ்ந்தனர். 1254ஆம் ஆண்டில் பிறந்த அப்பயணி, சீனநாடு சென்று மீளும் வழியில், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டை அடைந்தார். பொருநையாற்றின் முகத்தில் இருந்த காயல் துறைமுகத்தையும், கடலில் மூழ்கி முத்தெடுப்போரையும் பற்றி அவர் கூறியவை நூலாக எழுதப்பட்டுள்ளன. "நம் நாட்டைக் காண அவர் வந்தார், அவர் ஊரைக் காண நாம் வந்தோம்" என்றார் தாயார். வெனிஸ் நகரம் 1284 முதல் வெளியிட்ட தூகாட்டு என்னும் பொற்காசு தென்னிந்தியத் துறைமுகங்களிலும் மதிப்புடன் வழங்கியது.

பெருங்கால்வாய் கடலோடு கலக்குமிடத்தில் வெண்ணிறக் குவிமாடத்துடன் ஒரு பெருங்கோயில் நிற்கிறது. 1630, 1631ஆம் ஆண்டுகளில் கொள்ளை நோய் வெனிஸ் மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைக் கொன்றது. நோய் நீங்கினால் அன்னை மரியாளுக்குக் கோயில் எடுப்பதாக நகரத்தார் நேர்ந்துகொண்டனர். 1631இல் தொடங்கிய திருப்பணி 1687இல் நிறைவுற்றது. 'சலூத்தே' என்பது அக்கோயிலின் பெயர். நலம் என்பது அச்சொல்லின் பொருள். அதன் அடியில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மரக்கம்பங்கள் இறக்கப்பட்டுள்ளன என்பர். ஆண்டுதோறும் நவம்பர் 21ஆம் நாளில், கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் அமைத்து, மக்கள் மெழுகுவத்தியுடன் இக்கோயிலுக்கு நடந்து செல்கின்றனர்.

இதனைக் கேட்டதும் அப்பத்தாவின் முகம் மலர்ந்தது. "நம் ஊர்த் தெப்பம் போலவே இருக்கிறதே!" என்றார்.

அவர் கூறியதில் பொருள் உண்டு. சலூத்தேக் கோயில் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் மதுரையில் திருமலை நாயக்கர் ஆண்டார். அவரது ஆட்சி 1623 முதல் 1659 வரை நடைபெற்றது. 1636இல் அவரது அரண்மனை எழுந்தது. 1645இல் வண்டியூர்த் தெப்பக்குளம் அமைந்தது. அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே குளமாயிற்று என்றும், அங்கு மண் தோண்டுகையில் கிடைத்த பெரிய பிள்ளையார் சிலையே மீனாட்சியம்மன் கோயிலில் முக்குறுணி விநாயகராக விளங்குகிறது என்றும் வழிவழியாகக் கூறுவர். ஏறத்தாழ 1,000 அடி நீளமும் 950 அடி அகலமும் உடையது அக்குளம். நாற்புறமும் கருங்கற் சுவரும் படித்துறைகளும், நடுவே சோலை சூழ்ந்த மைய மண்டபமும் அமைந்துள்ளன. தைப்பூச நாளில் மீனாட்சியம்மனும் சுந்தரேசுவரரும் அங்கு எழுந்தருளுவர். அலங்கரித்த தெப்பத்தைக் கரையில் நிற்கும் மக்கள் வடம்பிடித்து இழுக்க, அது மைய மண்டபத்தைச் சுற்றிவரும். விளக்கொளி நீரில் ஆட, அன்று மதுரையே அக்கரையில் கூடியிருக்கும்.

நண்பகலில் அக்குடும்பத்தினர் புனித மாற்கு சதுக்கத்தை அடைந்தனர். 11ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பேராலயத்தின் பொன்னிறச் சித்திரங்களும், தோஜே தலைவர்களின் அரண்மனையும் அங்கு உள்ளன. ஏறத்தாழ 99 மீட்டர் உயரமுள்ள மணிக்கூண்டு சதுக்கத்தில் ஓங்கி நிற்கிறது. இது பழமையானதன்று. பழைய மணிக்கூண்டு 1902ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் காலையில் இடிந்து சரிந்தது. முன்னரே விரிசல் கண்டு மக்களை விலக்கியிருந்தமையால் மனிதர் எவரும் மடியவில்லை. இருந்த இடத்திலேயே, இருந்த வடிவிலேயே அதனை மீண்டும் எழுப்ப நகரத்தார் உறுதிபூண்டனர். 1912இல் அதனை முடித்தும் காட்டினர்.

மாலையில் சிறுதெருக்கள் வழியே நடந்தபோது, ஒரு முற்றவெளியின் நடுவில் சிற்பம் செதுக்கிய கல் ஒன்றை அப்பத்தா கண்டார். "இது கிணற்றுக் கைப்பிடிச் சுவரன்றோ? கடல் நடுவே கிணறு ஏது?" என்று அவர் கேட்டார்.

சித்தப்பா விளக்கினார். நான்கு புறமும் நீர் இருந்தும் வெனிசுக்குக் குடிநீர் இல்லை, சூழ்ந்திருப்பது உப்புநீர். ஆதலின் மக்கள் மழைநீரைச் சேமித்தனர். முற்றத்தை ஆழத் தோண்டி, உப்புநீர் கசியாதவாறு களிமண் பூசி, உள்ளே மணல் நிரப்பினர். தளத்தில் விழும் மழைநீர் துளைகளின் வழியே மணலில் இறங்கித் தூய்மை பெற்று நடுக்கிணற்றில் ஊறியது. இத்தகைய கிணறுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1884இல் நிலப்பகுதியிலிருந்து குழாய் வழியே நீர் வந்த பின்னரே அவை மூடப்பட்டன. "ஒரு சொட்டு மழையையும் வீணாக்காதவர்கள்" என்று கூறி, அப்பத்தா அக்கல்லை வாஞ்சையுடன் தடவினார்.

அங்கிருந்து சற்றே நடந்ததும் ஒரு கடைச்சுவரில் தன் மார்பளவுக்கும் மேலாக ஒரு கோடு இடப்பட்டிருப்பதைச் சிறுவன் கண்டான். அது வெள்ளம் ஏறிய அடையாளம். தென்காற்று கடலை உந்தும் குளிர்காலங்களில், ஓதம் பொங்கி வெனிஸ் தெருக்களில் புகுவதுண்டு. 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், கணக்கிடும் மட்டத்திற்கு மேல் 194 சென்டிமீட்டர் அளவுக்கு நீர் உயர்ந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் 187 சென்டிமீட்டரை எட்டியது. கடைகளும் நூலகங்களும் ஆலயமும் உப்புநீரில் நனைந்தன.

இத்துன்பத்திற்கு இயற்கை மட்டும் காரணமன்று. 20ஆம் நூற்றாண்டின் நடுவில், எதிர்க்கரையில் எழுந்த தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தன. நீர் நீங்கிய மண் இறுகியது. அதன்மேல் நின்ற நகரமும் தாழ்ந்தது. உண்மையை அறிந்த அரசு 1970ஆம் ஆண்டுகளில் அவ்வாறு இறைப்பதைத் தடுத்தது. தாழ்வது பெரிதும் குறைந்ததேயன்றித் தாழ்ந்த நிலம் மீளவும் உயரவில்லை. மறுபுறம், உலகம் வெப்பமுறுவதால் கடல் மட்டமும் ஏறிவருகிறது. நிலம் தாழ்ந்ததும் கடல் ஏறியதும் சேர்ந்து, அந்நூற்றாண்டில் மட்டும் வெனிஸ் கடலுக்கு ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் அணித்தாயிற்று.

நகரைக் காக்க இத்தாலியர் பெருமுயற்சி ஒன்றை மேற்கொண்டனர். காயல் கடலோடு சேரும் மூன்று வாய்களிலும் 78 எஃகுக் கதவுகளைக் கடலடியில் பதித்தனர். அவை உள்ளீடற்றவை. வழக்கமாக அவற்றினுள் நீர் நிறைந்திருக்கும். கதவுகள் கடலடியில் படுத்துக் கிடக்கும். ஓதம் பொங்கும் என்று அறிந்தவுடன் அழுத்தப்பட்ட காற்றை உள்ளே செலுத்துவர். நீர் வெளியேற, கதவுகள் மிதந்தெழுந்து கடலுக்குத் தடையாக நிற்கும். 'மோசே' எனப்படும் இவ்வமைப்பு 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் முதன்முறையாக வெள்ளத்தைத் தடுத்தது. அன்று புனித மாற்கு சதுக்கம் நனையாமல் தப்பியது.

வெனிசுக்கு வேறொரு வெள்ளமும் உண்டு. அது காணவருவோரின் கூட்டம். 1951இல் ஏறத்தாழ 1,75,000 மக்கள் வாழ்ந்த பழைய நகரில், 2022இல் 50,000 பேர்கூட இல்லை. வீடுகள் விடுதிகளாயின, வாடகை உயர்ந்தது, உள்ளூரார் நிலப்பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். 2021இல் மாபெரும் உல்லாசக் கப்பல்கள் நகரின் நடுவழியே செல்வது தடுக்கப்பட்டது. 2024இல், கூட்டம் மிகும் நாட்களில் பகற்பொழுதிற்கு மட்டும் வந்து செல்வோரிடம் நுழைவுக் கட்டணம் பெறும் முறை தொடங்கியது.

மாலை வெயில் சாய்ந்தது. கால்வாய்க் கரையின் கற்படியில் அமர்ந்து அவர்கள் இளைப்பாறினர். அவ்வேளையில் மகள் தன் தந்தையை நோக்கினாள்.

"அப்பா, நீங்கள் சிறுவராக இருந்தபோது நம் தெப்பக்குளத்தில் பந்து விளையாடியதாகச் சொல்லியிருக்கிறீர்களே! அன்று குளத்தில் நீர் இல்லையா?"

"இல்லையம்மா. பல ஆண்டுகள் அது வறண்டே கிடந்தது. எங்களுக்கு விளையாட்டிடம் கிடைத்ததென்று மகிழ்ந்தோம். தைப்பூசம் வந்தால் தெப்பத்தைத் தரையில் நிறுத்தியே விழா நடத்துவார்கள், நிலைத்தெப்பம் என்பார்கள்" என்றார் தந்தை.

"குளம் காய்ந்ததும் நம் வீட்டுக் கிணறும் காய்ந்ததே, அதை ஏன் சொல்லவில்லை?" என்று அப்பத்தா இடைமறித்தார். "நான் மணமாகி வந்தபோது கிணற்றில் கைக்கயிற்றுக்கு நீர் எட்டும். குளம் வற்ற வற்றக் கயிறு நீண்டது. பிறகு ஆழ்துளைக் குழாய் போட்டோம். அதுவும் ஆழத்துக்கு ஆழம் போயிற்று. குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால் தூர்ந்ததை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?"

யாரும் விடை கூறவில்லை. சற்றுப் பொறுத்து மகள் சொன்னாள்: "இவர்கள் நீர் வரும் வாயை அடைத்து ஊரைக் காக்கிறார்கள். நாம் நீர் வரும் வாயைத் திறந்து காக்க வேண்டும்."

அப்பெண் கூறியது வெறும் சொல்லன்று. மதுரையில் நடந்த உண்மையே. தெப்பக்குளத்திற்கு வைகையின் நீரைக் கொண்டுவர முன்னோர் கால்வாய் வகுத்திருந்தனர். காலப்போக்கில் கால்வாய் மண்மேடுற்றது. ஆக்கிரமிப்புகள் அதன் வழியை மறித்தன. ஆற்றிலும் நீர் அருகிற்று. குளத்தைக் கட்டியவர் கைத்திறன் சிறிதும் குறையாதிருந்தும், வரத்து அற்றமையால் குளம் பாழ்பட்டது. 2019, 2020ஆம் ஆண்டுகளை ஒட்டிப் பனையூர்க் கால்வாய் சீர்செய்யப்பட்டது. வைகை நீர் குளத்தை அடைந்தது. நெடுங்காலத்திற்குப் பின் மைய மண்டபத்தின் நிழல் நீரில் விழுந்தது. தெப்பமும் தரையில் நில்லாது நீரில் மிதந்தது.

வெனிஸ் நீர் மிகுதியால் அஞ்சுகிறது. வண்டியூர் நீர்க் குறைவால் வாடியது. துன்பங்கள் வேறாயினும் அவற்றிலிருந்து பெறும் பாடம் ஒன்றே. நிலத்தடி நீரை வரையின்றி இறைத்தால் அங்கு நகரம் தாழ்கிறது. இங்குக் கிணறு வற்றுகிறது. மழைநீரைப் போற்றினால் கடல் நடுவிலும் குடிநீர் கிடைக்கிறது. மணிக்கூண்டு இடிந்தால் பத்தே ஆண்டுகளில் மீண்டும் எழுப்பிவிடலாம். நீர் வரும் வழியோ அவ்வாறன்று. அதனை ஒருமுறை திறந்துவிட்டு ஓய்ந்திருத்தல் ஆகாது. ஆண்டுதோறும் தூர்வாரிக் காத்தல் வேண்டும்.

அயல்நாட்டு நகரங்களைக் காண்பது நன்று. அவற்றின் அழகை வியப்பதோடு அமையாது, அவ்வழகைக் காக்க அம்மக்கள் செய்யும் உழைப்பையும் அறிந்து வருதல் அதனினும் நன்று. வண்டியூர்த் தெப்பக்குளத்தின் கரைக்குச் செல்லும் மாணவர், மைய மண்டபத்தைக் கண்டு களிப்பதோடு, அதற்கு நீர் எவ்வழியே வருகிறது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். தத்தம் ஊரின் குளம், ஏரி, கண்மாய் ஆகியவற்றின் வரத்துக் கால்வாய்களை அறிந்து, அவற்றில் குப்பை கொட்டாமலும் பிறர் கொட்ட விடாமலும் காப்பது இளைஞர் கடனாகும். 1645இல் வெட்டிய குளம் இன்றும் நம் கண்முன் நிற்கிறது. அதில் நீர் நிற்குமாறு செய்வது நம் கையில் உள்ளது.